நான்காவது கோடு

ராயக்கோட்டை சாலையில் எங்கள் கிரானைட் யார்டு.
பகலெல்லாம் ரம்பம், ராத்திரியெல்லாம் ரம்பம்.
எடை மேடைக்குப் பக்கத்தில் தகரக் கூண்டு,
அதில் நான், ஒரு கணினி, இரண்டு சார்ஜர்.
இங்கே அறுபடும் கல் இத்தாலிக்குப் போகிறது,
பெரும்பாலும் கல்லறைக்கு.
அங்கே யார் பெயரை வெட்டுவார்களோ தெரியாது.
மழமழவென்று, பெயரில்லாமல் அனுப்புகிறோம்.

லாரி வராத ஒரு ராத்திரி, மணி இரண்டு.
இத்தாலி, கல்லறை, எழுத்து
என்று அடித்துத் தேடினேன்.
ரோமாபுரியே வந்து விழுந்தது.

லட்சக்கணக்கில் கல்.
ஒவ்வொன்றுக்கும் எண், புகைப்படம்,
உயரம், அகலம், கனம்:
எங்கள் பேக்கிங் லிஸ்ட் மாதிரியேதான்.
உடைந்த இடத்தை அடைப்புக்குறி போட்டு
யூகித்து நிரப்பியிருந்தார்கள்.
யூகிக்க முடியாத இடத்தில் மூன்று புள்ளி.
சந்தேகமான எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி.
தெரியாது என்பதை
இத்தனை மரியாதையாகச் சொல்ல முடியுமா!

இன்னொரு தளத்தில் சொல்லைத் தொட்டால் இலக்கணம் திறக்கும்.
'திபி' என்பதைத் தொட்டேன்.
உனக்கு. நான்காம் வேற்றுமை.
பர்கூர் பள்ளியில் எனக்கு மூன்று மார்க்கைத் தின்ற
அதே நான்காம் வேற்றுமை.
'மண் உனக்கு லேசாக இருக்கட்டும்.'
கல்லுக்குக் கல் இதே வரி,
இடம் போதாவிட்டால் முதலெழுத்து நான்கு மட்டும்.
எழுத்துக் கூலி மிச்சம்.
முதலாளி கேட்டால் மெச்சுவார்.

சாலைகளின் வரைபடம் ஒன்றும் இருக்கிறது.
இரண்டு ஊர் சொன்னால் போதும்,
வண்டியில் எத்தனை நாள், கப்பலில் எத்தனை நாள்,
எந்த மாதம் காற்று எதிர்க்கும், எல்லாம் வரும்.
கிருஷ்ணகிரி என்று அடித்தேன்.
எகிப்துத் துறைமுகத்தோடு முடிந்துபோனது அதன் உலகம்.
எங்கள் கன்டெய்னருக்கு முப்பத்தோரு நாள்,
வழியில் வம்பில்லை என்றால்.

என் பெயர் போதும்பொண்ணு.
மூத்தவள் ரூபவதி, அடுத்தவள் ஹேமாவதி,
மூன்றாவதற்கு அப்பா யோசிக்கவில்லை.
ஆதார் சென்டரில், பேங்கில்,
இந்த யார்டில் சேர்ந்த அன்று,
சிரிக்காமல் எழுதிக்கொண்டவர் ஒருத்தரும் இல்லை.

போன வாரம் ஒரு சின்னப் பளிங்கு,
முழங்கை நீளம்கூட இல்லை.
பெயர் தெர்த்தியா.
தொட்டேன்: மூன்றாமவள்.
அவ்வளவுதான் பெயர்.
தொழில், கம்பளியை நிறுத்துக் கொடுப்பவள்.
அட, எடைக்காரி!
கல் வைத்தது கூட வேலை செய்த ஒருத்தி.
அவள் பெயர் இருந்த மூலை உடைந்துவிட்டது.
மூன்று புள்ளி.

வயது பத்தொன்பது என்று போட்டிருந்தார்கள்.
பத்து, ஐந்து, அப்புறம் நான்கு கோடு.
நான்காவது கோட்டுக்கு அடியில் புள்ளி.
படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
உளி இறங்கினால் பள்ளம் விழும்,
பள்ளத்தில் நிழல் படியும்.
மூன்றில் நிழல் இருக்கிறது.
நான்காவது வழவழப்பாக
வரியைத் தாண்டிக் கீழேயும் ஓடுகிறது.
அது கோடில்லை.
கல்லின் நரம்பு.
தினம் நூறு பார்க்கிறேன், தெரியாதா எனக்கு?

பக்கத்தின் அடியில் ஒரு கட்டம்:
பிழை கண்டால் எழுதுங்கள்.
எழுதினேன், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில்.
பெயர் கேட்டது, முழுசாகக் கொடுத்தேன்.
குடும்பப் பெயர் கட்டாயம் என்றது,
கிருஷ்ணகிரி என்று போட்டேன்.

அனுப்புகிற பொத்தானில் விரல் நின்றது.
அழுத்தினால் அவளுக்குப் பதினெட்டு.

முதலாளி சொன்னால்
முப்பத்திரண்டு டன்னை இருபத்தெட்டு என்று
பர்மிட்டில் எழுதுகிறவள்தான் நான்.
கை நடுங்கியதே இல்லை.

வெளியே ரகுவீர் மாஞ்சி ஹாரன் அடித்தான்,
மேடையில் லாரி ஏறிவிட்டது.
கட்டத்தை மூடினேன்.
அனுப்பவா என்று திரை இன்னொரு முறை கேட்டது.
வேண்டாம்.

இருக்கட்டும் அந்த ஒரு வருஷம்.
எடை பார்க்கப் போனேன்.